அலுமினியத்தை ஏன் கரியால் எடுக்க முடியவில்லை?

கேட்கப்பட்டது இதுதான்: வினைத்திறன் வரிசையில் மேலே இருக்கிற உலோகங்களை மின்னாற்பகுப்பால், அதாவது மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, எடுக்க வேண்டும், நடுவில் இருப்பவற்றைக் கரியோடு சூடாக்கி எடுக்கலாம், கீழே இருப்பவை தனியாகவே கிடைக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. இந்தக் கோடுகளை எதை வைத்துப் போட்டார்கள்? அலுமினியம் அவ்வளவு மேலே இருக்கிறதென்றால் அலுமினியச் சட்டியில் தினமும் தண்ணீர் கொதிக்கிறதே, அதற்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்ட கேள்விகள்தான். அந்த மூன்று கட்டுப் பட்டியல் தேர்வுக்குப் போதும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதியைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவீர்கள். அந்தக் கோடுகளைப் போட்டதில் உலோகத்தின் குணத்துக்குப் பாதிப் பங்குதான் உண்டு. நம்மால் உலையை எவ்வளவு சூடாக்க முடியும், அந்தச் சூட்டில் எது ஆவியாகிப் போகும் என்பதற்கு மீதிப் பாதி. இதைப் பிடித்துக்கொண்டால் விதிவிலக்கு என்று தனியாக எழுதி வைத்திருப்பவை எல்லாம் விதிக்குள்ளேயே வந்துவிடும்.

அடிப்படையிலிருந்து வருவோம். ஓர் உலோகம் வினைத்திறன் மிக்கது என்றால் அது ஆக்சிஜனோடும் குளோரினோடும் கந்தகத்தோடும் சேர்வதற்குத் துடிக்கிறது என்று பொருள். சேரும்போது வெப்பத்தை வெளியே விடும். எவ்வளவு வெப்பத்தை விட்டதோ அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தால்தான் உலோகம் மறுபடி தனியாக வரும். 32 கிராம் ஆக்சிஜன் வாயு, அதாவது ஒரு மோல், உலோகத்தோடு சேரும்போது வருகிற வெப்பத்தைக் கிலோஜூலில் பார்த்தால் வெள்ளிக்குச் சுமார் 62, தாமிரத்துக்கு 314, இரும்புக்கு 549, துத்தநாகத்துக்கு 700, அலுமினியத்துக்கு 1117, மெக்னீசியத்துக்கு 1203, கால்சியத்துக்கு 1270. வினைத்திறன் வரிசையைத் தலைகீழாகப் படித்தது போலவே இருக்கிறது பாருங்கள். வெள்ளிக்கும் கால்சியத்துக்கும் இடையே இருபது மடங்கு வித்தியாசம். தங்கம் இந்தப் போட்டிக்கே வருவதில்லை. ஆக்சிஜனை அது சட்டை செய்யாததால்தான் ஆற்று மணலில் பளபளப்பு மாறாமல் கிடைக்கிறது.

இப்போது கரியைப் பார்ப்போம். கரி முழுதாக எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆகும்போது அதே 32 கிராம் ஆக்சிஜனுக்கு வருவது 394 கிலோஜூல். தாமிரத்தின் 314-ஐ விட இது அதிகம், ஆக தாமிரத்திடமிருந்து கரி ஆக்சிஜனைப் பறிக்க முடியும், சரி. ஆனால் இரும்பு 549 ஆயிற்றே? கணக்குப்படி கரி இரும்பிடம் தோற்றிருக்க வேண்டும். மூவாயிரம் வருடங்களுக்கும் மேலாக மனிதன் கரியை வைத்துத்தான் இரும்பு எடுத்துக்கொண்டிருக்கிறான். எங்கே இடிக்கிறது?

இடிப்பது சூட்டில். மேலே சொன்ன எண்கள் சாதாரண அறை வெப்பநிலைக்கு உரியவை, அதோடு அவை வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுத்தவை. ஒரு வினை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பதில் வாயுவுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு வினையால் வாயு அதிகமானால், சூடு ஏற ஏற அந்த வினைக்குச் சாதகம். வாயு குறைந்தால், சூடு ஏற ஏறப் பாதகம். இரும்பு ஆக்சிஜனோடு சேரும்போது வாயுவாக இருந்த ஆக்சிஜன் காணாமல் போய்த் திடமான ஆக்சைடாகிறது, அதனால் உலை சூடாகச் சூடாக இரும்பின் பிடி தளர்கிறது. எந்த உலோகத்துக்கும் இதே கதைதான். கரி மட்டும் வேறு மாதிரி. அது அரைகுறையாக எரியும்போது ஒரு பங்கு ஆக்சிஜன் வாயுவை வாங்கிக்கொண்டு இரண்டு பங்கு கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கொடுக்கிறது, அதாவது வாயு இரட்டிப்பாகிறது. ஆக எல்லா உலோகங்களின் பிடியும் சூட்டில் தளர்ந்துகொண்டே போகும்போது கரியின் பிடி மட்டும் இறுகிக்கொண்டே போகிறது. ஏதோ ஒரு வெப்பநிலையில் கரி அந்த உலோகத்தை முந்திவிடும். இரும்புக்கு அது சுமார் 700 டிகிரி செல்சியஸ். துத்தநாகத்துக்கு 950 வாக்கில். அலுமினியத்துக்கு 2000 டிகிரியையும் தாண்ட வேண்டும். ஹெரால்ட் எல்லிங்கம் என்ற வேதியியலாளர் 1944-ல் இதைத்தான் ஒரே படத்தில் வரைந்து காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு உலோகவியல் பாடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளோடு ஒரு படம் வருமே, அதுதான். பலரும் பயந்து ஒதுக்கிவிடுவார்கள். அதில் மேலேறும் கோடுகள் எல்லாம் உலோகங்கள், கீழிறங்கும் ஒரே ஒரு முக்கியமான கோடு கரியுடையது, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழே உலையை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பது இருக்கும். அவ்வளவே.

இதைத் தெரிந்துகொண்டால் உலோகங்களின் வரலாறே வேறு மாதிரித் தெரியும். பூமியின் மேலோட்டில் அலுமினியம் எடையில் 8 சதவீதம், இரும்பு 5 சதவீதம்தான். காலுக்குக் கீழே இருக்கிற செம்மண்ணிலும் களிமண்ணிலும் அலுமினியம் நிறைந்து கிடந்தும் 1825-க்கு முன் அதை ஒரு கிராம்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காரணம் மரக்கரியும் துருத்தியும் வைத்து எட்டக்கூடிய சூடு 1200 டிகிரி வாக்கில் நின்றுவிடும் என்பதுதான். அந்த 1200-க்குள் வெட்டிக்கொள்கிற தாமிரம், ஈயம், வெள்ளீயம், இரும்பு எல்லாம் பழங்காலத்திலேயே வந்துவிட்டன. அதுக்கு மேலே இருப்பவை எல்லாம் காத்திருந்தன.

இரும்பிலேயே பாருங்கள், தூய இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், அந்தச் சூடு கிடையாது. அதனால் பழைய உலைகளில் பெரும்பாலும் இரும்பு திரவமாக ஓடவில்லை. தாதுவிலிருந்து ஆக்சிஜன் போனதும் இரும்பு திடமாகவே, கசடோடு கலந்த கட்டியாக, அடியில் தங்கும். அதைச் சூட்டோடு சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியேற்றி எடுத்தார்கள். கொடுமணலில் இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் சமனலவெவப் பகுதியில் இன்னும் ஆச்சரியமான ஒன்று உண்டு. அங்கே 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை மலைச்சரிவின் மேற்கு முகத்தில் வரிசையாக உலைகளைக் கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்தி இரும்பு எடுத்திருக்கிறார்கள். 1990-களில் ஆய்வாளர்கள் அதே மாதிரி உலை கட்டிப் பருவக்காற்றில் எரித்துப் பார்த்தபோது கார்பன் மிகுந்த நல்ல உருக்கே கிடைத்தது.

இன்றைய ஊதுலை அதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. மேலிருந்து தாதும் கல்கரியும் சுண்ணாம்புக்கல்லும் இறங்கும், கீழிருந்து சூடான காற்று ஏறும், இடையில் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிஜனை உருவிக்கொண்டு போகும், மணலும் களிமண்ணும் சுண்ணாம்போடு சேர்ந்து கசடாக மிதக்கும். பாடத்தில் சமன்பாடுகளோடு இருக்கிறது, இங்கே நீட்டவில்லை. இரும்பு 4 சதவீதம் வாக்கில் கார்பனைக் குடித்துக்கொள்வதால் அதன் உருகுநிலை 1150 டிகிரிக்கு இறங்கி, ஊதுலையில் அது ஓடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் நின்று பேச விரும்புவது துத்தநாகத்தைப் பற்றி. அது இரும்புக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, 950 டிகிரி என்பது துருத்தி உலைக்கு ஒன்றும் பெரிய சூடு இல்லை, தாமிரத்தை உருக்குகிறவனுக்கு அது சாதாரணம். அப்படியிருந்தும் உலகத்தின் பெரும்பகுதிக்குத் துத்தநாகம் தனி உலோகமாகக் கிடைக்கவே இல்லை. சிக்கல் என்னவென்றால் அது 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். கரி வேலை செய்யத் தொடங்குகிற சூட்டில் துத்தநாகம் ஆவி. பிறக்கும்போதே ஆவியாகப் பிறந்து, உலைவாயில் காற்றைத் தொட்டதும் எரிந்து வெள்ளைப் பொடியாகிவிடும், மறுபடியும் ஆக்சைடு. உலையைத் திறந்து பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது.

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்திலுள்ள ஜாவரில் இதைத் தீர்த்தார்கள், 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிப் பெரிய அளவிலேயே. கத்தரிக்காய் வடிவத்தில் நீண்ட மண்கலம் செய்து, அதில் வறுத்த தாதையும் கரியையும் உருண்டைகளாக அடைத்து, வாயில் குழல் போன்ற ஒரு மண்மூக்கைப் பூசி ஒட்டி, அதைத் தலைகீழாக உலையில் நிறுத்தினார்கள். தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது கொட்டிவிடுமே? அதற்காக மூக்கின் வழியே ஒரு குச்சியைச் செருகிவிட்டார்கள். குச்சி உருண்டைகளைத் தாங்கிப் பிடிக்கும். சூடு ஏறியதும் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குச்சி எரிந்து போய் அந்த இடத்தில் ஒரு துளை மட்டும் மிஞ்சும், துத்தநாக ஆவி வெளியேற அதுவே பாதை. உலையின் தரை ஓட்டைகள் போட்ட தட்டு. மூக்குகள் அந்த ஓட்டைகள் வழியாகக் கீழ் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே 1000 டிகிரிக்கு மேல் நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. மேலேயே போக நினைக்கும் ஆவியைக் கீழ்நோக்கித் தள்ளி, காற்றே படாமல் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாக உலோகமாகப் பிடித்தார்கள். ஒரு உலையில் 36 கலங்கள். பயன்படுத்தி எறிந்த கலங்கள் ஜாவரில் இன்றும் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன, அவற்றையே அடுக்கி வீட்டுச் சுவர்கூடக் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் பிரிஸ்டலில் துத்தநாகம் காய்ச்சக் காப்புரிமை வாங்கியது 1738-ல். அவருடைய உலையிலும் ஆவி கீழ்நோக்கித்தான் இறங்கியது. பாடப்புத்தகத்தில் துத்தநாகத்துக்கு ஒதுக்கிய இடத்தில் இந்தக் குச்சிக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். எந்தச் சூட்டில் எது ஆவியாகும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

"கீழே இருப்பவை தனியாகவே கிடைக்கும்" என்கிற வரியை நம்பி அங்கே வேலை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதரசம் சுலபம்தான், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாதுவான சாதிலிங்கத்தைக் காற்றில் சூடாக்கினால் கந்தகம் எரிந்து போய்ப் பாதரச ஆவி வரும், குளிரவைத்துப் பிடித்துக்கொள்ளலாம், கரியே தேவையில்லை. தாமிரத்தின் முக்கியத் தாது தாமிரமும் இரும்பும் கந்தகமும் கலந்த ஒன்று. அதில் வினைத்திறன் வரிசை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்: உலையில் காற்றும் மணலும் கொடுத்தால் தாமிரத்தை விட ஆவலுள்ள இரும்பு முந்திக்கொண்டு ஆக்சிஜனைப் பிடித்து மணலோடு சேர்ந்து கசடாகப் போய்விடும். மிஞ்சிய தாமிர சல்பைடில் மேலும் காற்றை ஊதினால் கந்தகம் மட்டும் எரிந்து வெளியேறும், தாமிரம் நிற்கும். இன்னும் முழுத் தூய்மை பெறாத அந்தத் தாமிரத்தை (கொப்புளத் தாமிரம் என்பார்கள்) பலகைகளாக வார்த்து மின்னாற்பகுப்புத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிடுவார்கள். இரும்பும் நிக்கலும் தாமிரத்தோடு கரைந்து கரைசலிலேயே தங்கிவிடும், தாமிரம் மட்டும் எதிர்மின்வாயில் 99.99 சதவீதத் தூய்மையில் படியும், வெள்ளியும் தங்கமும் கரையவே மறுத்துத் தொட்டிக்கு அடியில் சேறாக விழும். அந்தச் சேறு நல்ல விலைக்குப் போகும். மொத்த வரிசையும் ஒரே தொட்டிக்குள் பிரிந்து நிற்கிறது.

அந்தக் கந்தகம் எரிந்து வரும் கந்தக டைஆக்சைடை முழுதாகப் பிடித்துக் கந்தக அமிலமாக்கியாக வேண்டும், வெளியே விட்டால் ஊருக்கே மூச்சு முட்டும். தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிராக மக்கள் வைத்த புகார்களில் இந்த வாயு முக்கியமானது. 2018 மே மாதம் போராட்டத்தின்போது 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது. தாமிர உருக்கலைப் பற்றிப் படிக்கிறவர்கள் தாதிலிருந்து என்ன வருகிறது என்பதோடு புகைபோக்கியில் என்ன போகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தங்கம் இன்னும் விசித்திரம். அது தனியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் என்று கண்ணுக்கே தெரியாத பொடியாக. 2001-ல் மூடிய கோலார் தங்க வயலில் அதற்காக 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் தோண்டினார்கள், எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்க 1887-ல் ஒரு வழி வந்தது: நீர்த்த சயனைடு கரைசலில் காற்றை ஊதினால், எதற்கும் மசியாத தங்கம் கரைந்துவிடும். சயனைடு தங்க அயனியை இறுகப் பிடித்துக்கொள்வதால் காற்றிலுள்ள ஆக்சிஜனே தங்கத்தை ஆக்சிஜனேற்றம் செய்யப் போதுமானதாகிவிடுகிறது. வரிசையில் கடைசியில் இருக்கிற உலோகம் சயனைடு முன்னால் தன் இடத்தில் நிற்பதில்லை. அப்புறம் அந்தக் கரைசலில் துத்தநாகத் தூளைப் போட்டால் துத்தநாகம் கரைசலுக்குள் போய்த் தங்கத்தை வெளியே தள்ளும், பள்ளியில் தாமிர சல்பேட்டுக்குள் இரும்பு ஆணியைப் போடுகிற அதே இடப்பெயர்ச்சி வினை.

சரி, மேல் கட்டுக்கு வருவோம். சோடியம், பொட்டாசியம் இரண்டையும் ஹம்ஃப்ரி டேவி 1807-ல் உருகிய காரத்தில் மின்சாரம் பாய்ச்சி முதன்முதலாகப் பிரித்தார். "உப்புக் கரைசலில் பாய்ச்சினால் போதாதா, எதற்கு உருக்க வேண்டும்" என்று எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். தண்ணீர் இருந்தால் எதிர்மின்வாயில் சோடியத்துக்கு முன்னால் ஹைட்ரஜன் வந்துவிடும், சோடியத்தை விட அதற்கு ஆவல் குறைவு, அதாவது அதை வெளியே எடுப்பது மலிவு. அதனால் தண்ணீரே இல்லாமல் உப்பை உருக்க வேண்டும். உப்பு 801 டிகிரியில் உருகும். கால்சியம் குளோரைடைக் கலந்தால் 600 டிகிரி போதும், செலவு மிச்சம்.

அலுமினியத்துக்கும் அதே யோசனைதான் தோன்றும், ஆக்சைடை உருக்கி மின்சாரம் பாய்ச்சு என்று. அலுமினியம் ஆக்சைடு உருக 2072 டிகிரி. எந்தத் தொட்டி தாங்கும்? இந்தக் கஷ்டத்தால் 1854 முதல் பிரான்சில் சோடியத்தை வைத்து அலுமினியத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள், முதலில் சோடியம் எடுத்து அப்புறம் அதைக் கொண்டு அலுமினியம், விலை வெள்ளியோடு போட்டி போட்டது. 1884-ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினியக் கூம்பு வைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில், 1886-ல், அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள், 1914-ல் இறந்தவர்கள். அவர்கள் செய்தது என்னவென்றால், அலுமினியம் ஆக்சைடை உருக்குவதற்குப் பதில் சோடியமும் அலுமினியமும் ஃபுளோரினும் சேர்ந்த கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கி அதில் கரைத்தார்கள். 960 டிகிரி வாக்கில் வேலை நடந்துவிடும்.

அந்தத் தொட்டியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எஃகுப் பெட்டி, உள்ளே கார்பன் பூச்சு, அதுதான் எதிர்மின்வாய். மேலிருந்து கட்டை கட்டையாகக் கார்பன் நேர்மின்வாய்கள் உருகிய குளியலுக்குள் தொங்கும். மின்னழுத்தம் 4 வோல்ட்தான், ஆனால் மின்னோட்டம் 3 லட்சம் ஆம்பியர் இருக்கும், ஒரு தொட்டி நாளொன்றுக்கு 2 டன்னுக்கு மேல் அலுமினியம் தரும். பிறக்கும் அலுமினியம் கிரையோலைட்டை விடச் சற்றுக் கனம் என்பதால் அடியில் தங்கிக் காற்றுப் படாமல் பாதுகாப்பாக இருக்கிறது, இது பெரிய அதிர்ஷ்டம், மிதந்திருந்தால் எரிந்து போயிருக்கும். குளியலின் மேல் ஓடு கட்டியிருக்கும், அதை உடைத்து உடைத்து ஆக்சைடுப் பொடியை உள்ளே விட வேண்டும். பொடி குறைந்து 2 சதவீதத்துக்குக் கீழே போனால், நேர்மின்வாயைச் சுற்றி வாயுத் திரை கட்டிக்கொண்டு 4 வோல்ட் சட்டென்று 30 வோல்ட்டுக்கு மேல் எகிறும். அப்போது தொழிலாளர்கள் ஒரு பச்சை மரக்கம்பை எடுத்து அந்த 960 டிகிரி குளியலுக்குள் குத்துவார்கள். பச்சை மரத்தின் ஈரம் ஆவியாகிக் குமிழிட்டுக் கலக்கியதும் வாயுத் திரை உடைந்து வோல்ட் இறங்கும். இப்போது பெரும்பாலும் கணினி பார்த்துக்கொள்கிறது, ஆனால் நெடுங்காலம் மரக்கம்புதான் மருந்து.

ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகும். அதனால் அலுமினிய ஆலை தாது இருக்கிற இடத்தை விட மின்சாரம் மலிவாகக் கிடைக்கிற இடத்தையே தேடிப் போகும். கேரளத்தில் 1940-களில் ஆலுவாப் பக்கம் ஆலை வந்தது பள்ளிவாசல் நீர்மின்சாரத்தை நம்பித்தான். மேட்டூரில் அணையை ஒட்டி 1960-களில் ஆலை வந்தபோது அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் பக்கத்துச் சேர்வராயன் மலையில் இருந்தது, இரண்டும் சேர்ந்து வாய்த்தது. ஐஸ்லாந்தில் பாக்சைட்டே கிடையாது, கடல் தாண்டி ஆக்சைடைக் கப்பலில் கொண்டுவந்து உருக்குகிறார்கள், அருவி மின்சாரத்துக்காக.

இதில் பாடப்புத்தகம் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. "அலுமினியம் மின்சாரத்தால், இரும்பு கரியால்" என்று பிரிக்கிறோம், ஆனால் தொட்டியில் அந்தக் கார்பன் நேர்மின்வாய் சும்மா தொங்கவில்லை. வெளிவரும் ஆக்சிஜன் அதோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடு ஆகிறது, ஒரு கிலோ அலுமினியத்துக்கு அரைக் கிலோ வாக்கில் கார்பன் எரிந்து போகிறது, கட்டைகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கார்பன் எரியாமல் வெறும் மின்சாரத்தால் பிரிப்பதானால் கொள்கையளவில் 2.2 வோல்ட் தேவை, கார்பன் எரிவதால் 1.2 வோல்ட் போதும். ஆக இங்கேயும் கரி பாதிச் சுமையைத் தூக்குகிறது, தனியாகத் தூக்க முடியாததை மின்சாரம் கைகொடுத்துத் தூக்குகிறது. தனியாகவே செய்யட்டும் என்று 2000 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அலுமினியம் கரியோடேயே சேர்ந்து கார்பைடு ஆகிவிடும், வேறு தொல்லை.

டைட்டானியத்துக்கும் இதே கார்பைடு தொல்லைதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிற இல்மனைட் டைட்டானியத் தாது. அதைக் கரியோடு சுட்டால் கிடைப்பது டைட்டானியம் கார்பைடு. அதனால் குளோரினைக் கொடுத்துக் குளோரைடாக்கி, ஆர்கான் வாயுவுக்குள் வைத்து மெக்னீசியத்தால் குளோரினை உருவி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் நாள்கணக்கில் ஆகும், விலையும் அப்படித்தான். உலகத்தில் எடுக்கிற டைட்டானியத் தாதுவில் பெரும்பங்கு உலோகமாவதே இல்லை, வெள்ளைப் பெயிண்டுக்குப் போய்விடுகிறது.

வரிசையையே மீறுவது போலத் தெரிகிற இரண்டைச் சொல்கிறேன். மெக்னீசியத்தை விட ஆக்சிஜன் ஆவல் குறைந்தது சிலிக்கன். அப்படியிருந்தும் உலகத்தின் பெரும்பகுதி மெக்னீசியம் இன்று சிலிக்கனைக் கொண்டே எடுக்கப்படுகிறது. பொட்டாசியம் சோடியத்துக்கு மேலே இருக்கிறது, ஆனால் தொழிற்சாலையில் உருகிய பொட்டாசியம் குளோரைடுக்குள் சோடிய ஆவியை விட்டுத்தான் பொட்டாசியம் எடுக்கிறார்கள். எப்படி? ஜாவர் உலையை நினைத்துப் பாருங்கள். மெக்னீசியம் 1090 டிகிரியில் ஆவியாகும், வெற்றிடம் கொடுத்தால் அதற்கு முன்பே. பொட்டாசியம் 760 டிகிரியில், சோடியம் 883-ல். உண்டாகிற கொஞ்ச ஆவியை உடனுக்குடன் வெளியே இழுத்துவிட்டால், மிச்சம் இருப்பது அந்தக் குறையை ஈடுகட்ட மேலும் கொஞ்சம் உண்டாக்கும், அதையும் இழுத்துவிடலாம். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கிற மெக்னீசியத் தாதுவான மேக்னசைட்டிலிருந்து உலோகம் எடுக்க முடியாமல் இல்லை. ஆனால் அதைச் சுட்டுக் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு உலைச்சூட்டில் ஆக்சிஜனை லேசில் விடாது என்பதாலேயே எஃகு உலைகளின் உட்புறச் செங்கல்லாகப் போகிறது.

இனி சட்டிக்கு வருகிறேன். ஓர் உலோகத்துக்கு ஆக்சிஜன் மேல் எவ்வளவு ஆவல் என்பது ஒன்று, எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்பது வேறொன்று. லித்தியத்தின் மின்முனை அழுத்தம் சோடியத்தை விட எதிர்மறை, அதாவது கரைசலில் எலக்ட்ரானை விட்டுவிட அதற்கு ஆவல் அதிகம், ஆனால் தண்ணீரில் போட்டால் சோடியம்தான் உருகி ஓடிக் குதிக்கும், லித்தியம் நிதானமாகக் குமிழியிடும். அலுமினியம் காற்றைத் தொட்ட மறுநொடியே ஆக்சைடுத் தோல் கட்டிக்கொள்கிறது, சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் ஓட்டையில்லாமல் இறுகப் பற்றியது. இரும்பின் துரு உதிரும், இது உதிராது. சட்டியில் தண்ணீர் தொடுவது அந்தத் தோலைத்தான், அலுமினியத்தை அல்ல.

வீட்டிலேயே பார்க்கலாம். உரக்கடையில் மயில்துத்தம் கிடைக்கும், தாமிர சல்பேட்தான் அது. கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் கரைத்து (அந்த டம்ளரை அப்புறம் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம், விஷம்) ஒரு துண்டு அலுமினியத் தாளைப் போடுங்கள். வரிசைப்படி உடனே தாமிரம் வெளியே வர வேண்டும், ஆனால் தாள் அப்படியே பளபளவென்று கிடக்கும். இப்போது ஒரு கரண்டி சாப்பாட்டு உப்பைப் போட்டுக் கலக்குங்கள். நீலம் பச்சையாக மாறும், தாளில் குமிழி கிளம்பும், செம்பழுப்பாகத் தாமிரம் திட்டுத்திட்டாகப் படியும், டம்ளர் கைக்குச் சூடாகத் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் கிழிந்து கரையும். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலைத் துளைத்துவிட்டது, உள்ளே இருந்த அலுமினியம் வரிசையில் தனக்குரிய இடத்தைக் காட்டிவிட்டது. புளிக்குழம்பையும் ஊறுகாயையும் அலுமினியப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான், உப்பும் புளிப்பும் சேர்ந்து தோலை அரிக்கும்.

அதே அலுமினியத்தைத் தூளாக்கி இரும்பு ஆக்சைடோடு கலந்து பற்றவைத்தால் 2000 டிகிரிக்கு மேல் போய் இரும்பு உருகி ஓடும். ரயில் தண்டவாளங்களை இருக்கிற இடத்திலேயே இப்படித்தான் ஒட்டுகிறார்கள். அலுமினியத்தின் 1117-க்கும் இரும்பின் 549-க்கும் உள்ள வித்தியாசம் அங்கே நெருப்பாக வருகிறது.

கடைசியாக ஒன்று, இது இப்போது நடந்துகொண்டிருப்பது. கரியால் இரும்பு எடுத்தால் ஒரு டன் உருக்குக்குச் சுமார் 2 டன் கார்பன் டைஆக்சைடு காற்றில் சேர்கிறது. எல்லிங்கம் படத்தில் ஹைட்ரஜனின் கோடும் இரும்புக்குப் பக்கத்திலேயே போகிறது, அதனால் கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் இரும்புத் தாதுவின் ஆக்சிஜனை உருவி எடுக்கலாம், புகைபோக்கியில் நீராவிதான் வரும். சுவீடனில் 2021-ல் இப்படி எடுத்த இரும்பிலிருந்து முதல் உருக்கை வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள். ஹைட்ரஜன் மலிவாகக் கிடைத்தால் இது பரவும் என்று நினைக்கிறேன். அலுமினியத்தில் வழி கடினம். கார்பன் நேர்மின்வாயை எடுத்துவிட்டு எரியாத ஒன்றை வைக்க வேண்டும், அப்போது வெளியே வருவது ஆக்சிஜன்தான். கனடாவில் 2018 முதல் இதற்காக ஒரு பெரிய முயற்சி நடக்கிறது. ஆனால் கரி தூக்கிக்கொண்டிருந்த அந்த ஒரு வோல்ட்டையும் இனி மின்சாரமே தூக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆக்சைடுகளைக் கரைப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த கிரையோலைட்டுக்குள், 960 டிகிரியில், புதிதாகப் பிறக்கும் ஆக்சிஜனுக்கு நடுவே, வருடக்கணக்கில் கரையாமல் நிற்கிற ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும்.